ஸ்வரம் ஏற எடுக்கும் நேரம்

ஜூன் 4, புதன்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு அரைத்தேன். அவர் இன்றும் பாதித் தோசையோடு எழுந்துவிட்டார்.

பணி ஓய்வுக்குப் பிறகு நாட்குறிப்பு எழுதுவதை விட்டிருந்தேன். வகுப்பு இல்லாத நாளில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது எழுத வேண்டும்போல் இருக்கிறது. யாரிடமாவது பேசத் தொடங்கினால் குரல் மாறிவிடுகிறது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள் நான். முன்கதை சொல்லாமல் பாடம் தொடங்க எனக்கு வராது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ரத்தினவேல் பகலில் பஞ்சாலையில் கணக்கு எழுதியவர். மாலையிலும் திருவிழாக் காலத்திலும் சுடரொளி இன்னிசைக் குழுவின் லீட் கிட்டார். சுவரொட்டியில் 'மின்னல் ரத்தினவேல்' என்று போடுவார்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இவர் விரல்கள் கம்பிமேல் ஓடும். எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த ஓட்டத்தைப் பார்க்கவே பின்னால் நிற்கும் கூட்டம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். மதுரையைச் சுற்றி அவர் ஏறாத மேடை கிடையாது.

மே மாதம் பரமக்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு. அவர் தனியாக வாசித்துப் பேர் வாங்கிய சோலோ வந்தது. பாதி ஓட்டத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் நின்றுவிட்டன. மற்ற விரல்கள் ஓட, இந்த இரண்டும் எங்கோ தடவிக்கொண்டிருந்தன. டிரம்ஸ்காரர் சத்தத்தைக் கூட்டி மூடிமறைத்துப் பார்த்தார், முடியவில்லை. யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்து, 'மின்னலுக்குக் கரண்ட் போயிருச்சு' என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார்கள். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதை அவர் தினமும் எழுந்தவுடன் பார்க்கிறார். அதன் பிறகுதான் பல் துலக்குகிறார்.

ஜூன் 6, வெள்ளி

குழுத் தலைவர் ஜோதிராஜ் வந்திருந்தார். கீபோர்டு வாசிப்பவர், இவரைவிடப் பத்து வயது இளையவர். கையில் அல்வாப் பொட்டலம். அதைப் பார்த்ததுமே எனக்குச் செய்தி தெரிந்துவிட்டது.

"அண்ணே, நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க. கிட்டாரு பிட்டு எல்லாத்தையும் லேப்டாப்புல ஏத்தியாச்சு. பட்டனத் தட்டுனா வந்துருது."

"யாரு வாசிச்சது?"

"யாருமே வாசிக்கலண்ணே. அதுவா வாசிக்குது."

"என்ன வேகத்துல?"

"என்ன வேகம் வேணும்னாலும். இருநூறுல வச்சாக்கூட பெசகாது."

அவர் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நல்லதாப் போச்சு. வாசிக்கிற பயலுக்கு பிரியாணி வாங்கித் தர வேணாம்ல" என்றார்.

ஜோதிராஜ் அளவுக்கு மீறிச் சிரித்தார். கிளம்பும்போது, "மதினி, டீ சூப்பர்" என்றார். நான் கொடுத்தது காபி.

ஜூன் 9, திங்கள்

நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். வகுப்பில் நரம்பை விளக்க மின்கம்பியை உதாரணம் காட்டுவேன். கம்பியைச் சுற்றி ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. உறை கெட்டால் செய்தி போகும், ஆனால் தாமதமாகப் போகும். சர்க்கரை இத்தனை வருடத்தில் அவருடைய உறையை அரித்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்த படம்தான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"இனி மேற்கொண்டு கெடாமப் பாத்துக்கலாம். போனது திரும்பறது கஷ்டம்" என்றார் மருத்துவர். "ஆனா அன்றாட வேலைக்கு ஒண்ணும் குறை வராது."

அவர் கைகூப்பிவிட்டு எழுந்துகொண்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது நான் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் நரம்பை வரைந்து காட்டினேன். அவர் அந்தத் தாளை மெல்ல என் பக்கம் தள்ளினார். "பாடம் நடத்தாத அரசி. நான் ஃபெயிலுன்னு தெரிஞ்சு போச்சு. ஏன் ஃபெயிலுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்?"

ஜூன் 10

மொட்டை மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். குரங்குத் தொல்லை. சாவி என்னிடமே இருக்கட்டும்.

ஜூன் 11

அவருடைய மாத்திரைகளை எல்லாம் என் கைப்பைக்கு மாற்றினேன். மறதியில் ஒன்றை இரண்டு தடவை போட்டுவிடக் கூடாது. இதுவரை அப்படி மறந்ததில்லை. இருந்தாலும் வயதாகிறதல்லவா.

ஜூன் 14, சனி

எனக்கு ஒரு வழி தோன்றியது. பத்தாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதல் தேர்வில் பதினைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் முப்பத்தைந்து வாங்கு என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வாங்கு என்பேன். அடுத்தது இருபத்தொன்று. ஒரு அட்டையில் எழுதி அவர்கள் கையாலேயே புள்ளி வைக்கச் சொல்வேன். புள்ளி மேலே ஏறுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு முகமே மாறிவிடும்.

இவருக்கும் ஓர் அட்டை செய்தேன். கைப்பேசியில் டிக் டிக் என்று தாளம் போடும் மெட்ரோனோம் இருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பேர் வாங்கிய அந்த சோலோவின் வேகம் நூற்று அறுபது. நாம் எண்பதில் தொடங்குவோம், தினம் கொஞ்சம் ஏற்றுவோம் என்றேன். அட்டையைப் பீரோ கதவில் ஒட்டினேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பென்சிலா, பேனாவா?" என்று கேட்டார்.

"பென்சில். தப்பு வந்தா அழிச்சுக்கலாம்."

இன்று மூன்று தோசை சாப்பிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

நூற்றுப் பன்னிரண்டு. புள்ளிகள் அழகாக ஏறுகின்றன. "டீச்சர், நான் பாஸாயிருவனா?" என்று கேட்டு என் பின்னலை இழுத்தார். வெட்கமாக இருந்தது. கத்திரிக்காய் எண்ணெயில் தீய்ந்துவிட்டது.

நல்ல மனநிலையில் இருந்ததால், எதற்கு இத்தனை வேகம் என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"மொத மொதல்ல திருப்புவனத்துல ஒரு கச்சேரி. நான் ரசிச்சு ரசிச்சு மெதுவா ஒரு பிட்டு வாசிச்சேன். கண்ணத் தொறந்து பாத்தா முன்னால இருந்தவன் பூரா டீ குடிக்கப் போயிட்டான். அடுத்த பாட்டுல வெறியேறி தடதடன்னு ஓட்டுனேன். டீ கிளாஸோட திரும்பி ஓடியாந்தாய்ங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

"எவனையும் டீ குடிக்க விடக் கூடாதுன்னு."

இருவரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

நூற்று இருபதைத் தாண்டவில்லை. மூன்று நாளாக அதே இடம். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை எழுவதில்லை. டிக் டிக் சத்தத்துக்கு நான் காய் நறுக்குகிறேன், துணி மடிக்கிறேன். விரல் நுனியில் கொப்புளம் வெடித்து ரத்தம் வந்திருக்கிறது. அந்த இரு விரல்களிலும் உணர்ச்சி குறைவு என்பதால் அவருக்குத் தெரியவில்லை. கம்பியில் சிவப்பாக இருப்பதைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

கீழ்வீட்டு மும்தாஜ் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். நல்ல மனசு, ஓட்டை வாய். "டீச்சரக்கா, வீட்ல தையல் மிஷினு வாங்கிருக்கீங்களா? நாள் பூரா ஓடுதே. எனக்கு ரெண்டு ஜாக்கெட் கெடக்கு, தரட்டா?"

உள்ளே டிக் டிக் மட்டும் கேட்டது. கிட்டார் நின்றுவிட்டது.

ஜூலை 2, புதன்

நூற்றுப் பதினாறு. புள்ளி கீழே இறங்கியிருக்கிறது. பென்சிலால் வைக்கவில்லை. என் பழைய திருத்தும் பேனாவை எங்கிருந்தோ தேடி எடுத்து, சிவப்பு மையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கோடு போட்டு, நான் விடைத்தாளில் போடுவதுபோல வட்டமும் போட்டிருந்தார்.

என் முறையில் இருந்த ஓட்டை இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் படிக்காத பாடம் மிச்சம் இருந்தது. அதனால் ஏறினார்கள். இவர் தெரிந்த பாடத்தை இழந்துகொண்டிருப்பவர். அவர் கையில் நான் கொடுத்தது ஒவ்வொரு நாளும் எவ்வளவு இழந்தார் என்று காட்டும் அட்டை. நானே கோடு கிழித்து, நானே பசை தடவி ஒட்டினேன்.

கிழித்துவிடலாம் என்று பீரோவரை போனேன். கிழித்தால், இவளும் நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று நினைப்பார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

இரண்டு நாளாக அவர் மிகவும் உதவியாக இருக்கிறார். தண்ணீர் மோட்டாரை எப்படிப் போட வேண்டும், காற்று அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருடம் என்னை அதன் பக்கத்தில்கூட விட்டதில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே என்று காட்டினார். பரணைத் துடைத்தார். காலால் மிதித்துக் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் அந்தப் பெட்டிகளைத் துணியால் துடைத்து, பையில் கட்டி ஜோதிராஜுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் சுகந்தி பேசினாள். "அப்பா இன்னைக்கு ரொம்ப ஜாலியாப் பேசுறாரும்மா. தேறிட்டாரு போல" என்றாள்.

ஆமாம் என்றேன். நான் சந்தோஷப்பட வேண்டும்.

மோட்டார் விஷயத்தைப் புரியாததுபோல நடித்து, மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

ஜூலை 9, புதன்

மாலை நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். செருப்பு மாட்டிக்கொண்டு நானும் பின்னால் போனேன். வைகைப் பாலத்தில் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நான் நாலு கம்பம் தள்ளி நின்றேன். ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஆற்றில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

வைகையில் தண்ணீர் இல்லை என்பது இந்த ஊருக்குப் பெரிய குறை. நானும் பல தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன். இன்று சலித்துக்கொள்ளவில்லை.

அவர் திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ என்ன இங்கிட்டு?"

"வாழப்பழம் வாங்க வந்தேன்."

"பாலத்துலயா?"

"அந்தப் பக்கம் மலிவுன்னு மும்தாஜ் சொன்னா."

என் முகத்தை அவரும், அவர் முகத்தை நானும் பார்க்காமல் நடந்தோம். அந்தப் பக்கம் போய் ஒரு சீப்பு வாங்கினோம். மலிவாக ஒன்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மும்தாஜை மேலே வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கச் சொல்லிவிட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். இளவயதுப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது. ஆனால் அங்கே நான்தான் மாணவி. மோட்டார், பரண், பாலம், எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அவரைக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் தனியா விடாதீங்க. அப்புறம் அம்மா, அவர்கிட்ட நேராவே கேளுங்க."

"கேட்டா, இல்லாத நெனப்பை நாமளே உண்டாக்கிருவோமோன்னு..."

"அப்படி ஆகாது. நிறையப் பேர் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பாங்க. சுத்தி வளைக்காதீங்க. என்ன வார்த்தையோ அதையே சொல்லிக் கேளுங்க."

வீட்டுக்கு வந்து, "ஒரு டாக்டரைப் பாப்பமா, மனசுக்கு" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "கை போச்சு. இப்ப மண்டையும் போச்சுங்கறியா?" என்று கேட்டார். அத்தோடு சரி.

ஜூலை 12

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். ஃபேனைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். ஒன்றன்பின் ஒன்றாக, அவருக்கு இடம் கொடுக்காமல் கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஜூலை 13

கேட்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

அவர் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. டிக் டிக் இல்லை. நான் அடுப்படியில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஒரே ஒரு ஸ்வரம் கேட்டது. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு வித்தை உண்டு. தட்டிய கம்பியை அதே விரலால் மேலே தள்ளினால் ஸ்வரம் இழுபட்டு ஏறும். பெண்டிங் என்பார்கள். வேகமாக வாசிக்கும்போது அவர் அதைச் சுண்டிவிட்டு ஓடிவிடுவார். இன்று அந்த மோதிர விரலுக்கு வலு இல்லாததால் மற்ற இரண்டு விரலையும் சேர்த்து முட்டுக் கொடுத்துத் தள்ளினார் போலிருக்கிறது. ஸ்வரம் மெல்ல, மிக மெல்ல ஏறியது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. நடுங்கியது. அங்கேயே அடங்கியது.

எப்படிச் சொல்வது? ஒரு உதாரணம். வகுப்பில் சில பிள்ளைகள் ஏதோ சொல்ல எழுந்திருப்பார்கள். வாய் திறப்பார்கள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்த 'ஒண்ணுமில்ல' போல இருந்தது. என் கையில் இருந்த அவரைக்காயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி தள்ளினார். மறுபடியும் போய்ச் சேரவில்லை.

"ச்சே. சுதி சேரல" என்றார்.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

அப்போது மும்தாஜ் தலையில் முக்காடுகூடப் போடாமல் படியேறி ஓடி வந்தாள். "அக்கா, யாருக்கு என்ன? யாரோ அழுத மாதிரி இருந்துச்சு?"

நான் அவரைப் பார்த்தேன். கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். "டிவி ஓடுதுங்க" என்றார் அவளிடம். எங்கள் டிவி அணைந்திருந்தது.

ஜூலை 16, புதன்

மதியம் அவராகவே பேசினார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தப் பொம்பள சொன்னது கேட்டியா? அழுத மாதிரி இருந்துச்சாம்."

"ஆமா. எனக்கும்..."

"எங்க அப்பா செத்தன்னைக்கு எனக்கு உசிலம்பட்டில கச்சேரி. போய் வாசிச்சேன். அன்னைக்குத்தான் என் வாழ்க்கையிலயே வேகமா வாசிச்சது. ஒருத்தனுக்கும் தெரியல அரசி. ஒன்ஸ்மோர் கேட்டாய்ங்க. வேகமாப் போனா எவனும் உள்ள எட்டிப் பாக்க மாட்டான். மெதுவா வாசிச்சா, கீழ்வீட்டுக்காரி கூட ஏறி வந்துர்றா."

"வந்தா என்னங்க?"

அட்டையைப் பீரோவிலிருந்து அவரே உரித்து எடுத்தார். கோபமாக இல்லை. நாலு மூலையும் கிழியாமல், நிதானமாக. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலை 19, சனி

ஜோதிராஜ் போனில் பேசினார். அடுத்த சனிக்கிழமை ஆடித் திருவிழா, சோழவந்தான் பக்கம் ஒரு மாரியம்மன் கோவில். விழாக் கமிட்டி மின்னல் வந்தே ஆக வேண்டும் என்கிறதாம். "நீங்க வாசிக்கவே வேணாம்ணே. சும்மா கிட்டார மாட்டிக்கிட்டு நில்லுங்க. உங்க பழைய கேசட்டுலருந்து சோலோவத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டேன். லேப்டாப்புல ஓடும். நீங்க வெரல ஆட்டுனாப் போதும்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு எரிந்தது. இவர் மறுப்பார் என்று நினைத்தேன்.

"சரி வர்றேன்டா" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கடைசியா ஒரு தடவ ஏறி எறங்கிட்டா, போதும்."

எதற்குப் போதும் என்று கேட்டிருக்க வேண்டும். குழம்பைக் கிளறப் போய்விட்டேன்.

ஜூலை 23, புதன்

சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் சொல்லவில்லை. "நீ ஞாயிற்றுக்கிழமை காலையில வந்துரு" என்றேன். "ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சளி என்றேன்.

அவர் வெள்ளைச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார். செருப்புக்குப் பாலிஷ் போட்டார்.

ஜூலை 25

கேட்கவில்லை. நாளை கச்சேரி.

ஜூலை 27, ஞாயிறு

சுகந்தி வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் முன்னறையில் இருக்கிறார்கள். நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். அவர் மேடையில் நடுவில் நின்றார். கிட்டாரிலிருந்து தொங்கிய ஒயர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் மறைந்தது. அதன் மறுமுனை எதிலும் செருகப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது.

சோலோ வந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய ரத்தினவேல் ஒலிபெருக்கியில் பாய்ந்தார். இன்றைய ரத்தினவேல் அதற்கு விரலை ஆட்டினார். விசில் பறந்தது. "மின்னலு திரும்பி வந்துருச்சுடா!" என்று என் பின்னால் ஒருவர் துண்டைச் சுழற்றினார். மேடையில் அவர் தலை குனிந்து கும்பிட்டார். புகைப்படத்துக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தார்.

அடுத்தது ஒரு மெதுவான சோகப் பாட்டு. ஜனங்கள் எழுந்து டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள். அந்தப் பாட்டில் கிட்டார் பிட்டே கிடையாது. அவர் சும்மா நின்றிருக்கலாம். ஆனால் அவர் இரண்டாவது கம்பியில் மூன்று விரலையும் சேர்த்து வைத்தார். கண்ணை மூடினார். மெல்லத் தள்ளினார். தோள் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. இம்முறை ஆட்டவில்லை, வாசித்தார். ஒலிபெருக்கியில் அவர் இல்லை. பத்தடி தூரத்தில் இருந்த எனக்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஊரே கூடியிருக்கும் இடத்தில், ஒரு மனிதர் ஒருவருக்கும் கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன். அங்கே ஜெனரேட்டர் லாரி நின்றது. அந்தப் பாட்டோடு இடைவேளை விட்டார்கள். அவர் இறங்கி வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தக் கேசட்டுல வாசிக்கிறவன நின்னு கேட்டேன் அரசி. இத்தன வருஷத்துல மொத தடவையாக் கேட்டேன். என்னா வேகம்! உள்ள ஆளே இல்ல" என்றார். என் காதருகே வந்து சொன்னதால்தான் கேட்டது.

இப்போது கேட்காவிட்டால் இனி கேட்கவே மாட்டேன் என்று தெரிந்தது. கேட்டேன். ஜெனரேட்டர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று கையை ஆட்டினார்.

நான் வாழ்நாளில் அவரிடம் சத்தம் போட்டதில்லை. நேற்று போட்டேன்.

"செத்துப் போகணும்னு நெனைக்கிறீங்களான்னு கேட்டேன்!"

லாரியின் மறுபக்கம் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரம்ஸ்காரரும் பாடகியும் திரும்பிப் பார்த்தார்கள். பாடகியின் கையில் பரோட்டாத் துண்டு அப்படியே நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லி மழுப்பப் போகிறார் என்று நினைத்தேன். வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"ஆமா" என்றார்.

சத்தம் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்தேன். பிறகு அவர் லாரியின் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பட்டுப்புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜோதிராஜ், "அண்ணே, அடுத்த பாட்டுக்கு மேடைக்கு..." என்று வந்தார். எங்களைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் எழுந்து போய் ஜோதிராஜின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாடகி தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

"தெனமும்மா" என்றார் அவர். "எந்திரிச்சதும் மொதல்ல அதான் வருது."

"நாளன்னைக்கு டாக்டர்கிட்டப் போறோம். சுகந்தி வருவா. அதுவரைக்கும் நீங்க எங்க போனாலும் நானும் வருவேன்."

"பாத்ரூமுக்குமா?"

"வெளிய நிப்பேன்."

சிரிக்கத்தான் பார்த்தார். அழுகை வந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மேடையில் லேப்டாப் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது, கிட்டார் பிசகாமல் ஓடியது.

ஜூலை 28, திங்கள்

மருத்துவமனையில் கூட்டம். டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். சுகந்தி அப்பாவின் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தாள். நானும் அவரும் உள்ளே போனோம்.

அந்த இளம் மருத்துவர் வணக்கம் சொல்லி, அவரை உட்காரவைத்து, "சொல்லுங்க சார், எப்பருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் மேசையைப் பார்த்தார். மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிடுவது கேட்டது. யாருக்கோ இருமல்.

எனக்கு விடை தெரியும். மே மாதம், பரமக்குடி, வீடியோ, அட்டை. வரிசையாகச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எழுந்து திணறும்போது முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தே பழகிய வாய் இது. திறந்தும்விட்டேன்.

மருத்துவர் என்னைப் பார்க்காமலே, மேசைக்கு மேல் ஒரு விரலை மட்டும் லேசாகத் தூக்கினாள்.

மூடிக்கொண்டேன். அவர் மூச்சை இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அறையில் யாரும் அவசரப்படவில்லை.

"எங்க அப்பா செத்தன்னைக்கு..." என்று அவர் ஆரம்பித்தார்.